மிலோனாவுக்கு மாப்பிள்ளை

"பையன் எப்படின்னு பையனையே கேட்டா இன்னா சொல்லுவான்?"

"நல்லவன்னுதான் சொல்லுவான்."

"அவங்க அம்மாவைக் கேட்டா?"

"தங்கம்னு சொல்லுவாங்க."

"அதைத்தான் நீ காலையிலேர்ந்து எங்களுக்குப் படிச்சிக் காட்டிக்கினு இருக்க, ரோஹித். மிலோனாவைப் பெத்தவங்க மிலோனாவைப் பத்தி எழுதினது."

தேவா வாயிலிருந்த டீயை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ரோஹித் மட்டும் சிரிக்கவில்லை. மடிக்கணினியை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டான், யாரோ அதைக் கிள்ளிவிட்டதுபோல.

மிலோனா என்பது பெண் அல்ல. கணினிக்கு நிரல் எழுதும் மொழி. பிறந்து முழுதாக ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்கென்று இணையத்தில் ஒரு பக்கம் உண்டு. அதில் பனி மூடிய மலைக்கு முன்னால் ஒரு நரிக்குட்டி சுருண்டு படுத்திருக்கும். ரோஹித் அந்த நரிக்குட்டியிடம் மனதைக் கொடுத்து இரண்டு வாரமாகிறது என்று தேவா சொல்லித் திரிந்தான்.

கேள்வி கேட்டவள் ரைஹானா. மண்ணூர்பேட்டையில், போல்ட் செய்யும் பட்டறை ஒன்றின் மாடியில் இயங்கிய அந்தச் சின்ன மென்பொருள் நிறுவனத்தில் அவள்தான் பழைய ஆள். கீழே பிரஸ் மிஷின் இறங்கும்போதெல்லாம் மாடியில் டீ கிளாஸ்கள் ஒரு தடவை குதிக்கும். புதிதாகச் சேருகிறவர்கள் முதல் வாரம் கிளாஸைப் பிடித்துக்கொண்டே வேலை செய்வார்கள். அப்புறம் பழகிவிடும்.

அவர்கள் செய்துகொடுப்பது கேண்டீன் மென்பொருள். தொழிலாளி மிஷினில் கட்டைவிரலை வைப்பார், டோக்கன் வரும், டோக்கனைக் கொடுத்தால் தட்டு வரும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பாதிக் கம்பெனிகளுக்குச் சோறு போடுகிற பார்வதம் அம்மாள்தான் பெரிய வாடிக்கையாளர். இப்போது ஓடிக்கொண்டிருக்கிற மென்பொருளைக் கார்த்திகேசன் என்பவர் எழுதினார். அப்போது எல்லோரும் கொண்டாடிக்கொண்டிருந்த ஏதோ ஒரு புது மொழியில் எழுதினார். எழுதி முடித்தார், கேக் வெட்டினார், ஹைதராபாத் போய்விட்டார். சில மாதங்களில் அந்தக் கொண்டாட்டமும் ஓய்ந்து, அதை உருவாக்கியவர்களே கடையைச் சாத்திவிட்டார்கள். கார்த்திகேசன் விட்டுப்போனது ரைஹானாவின் இடுப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து அது அழுதால் அவள்தான் தூக்க வேண்டும்.

அழும் நேரத்துக்கு அதற்குக் கணக்கே கிடையாது. ரைஹானாவின் நிச்சயதார்த்தத்தன்றுகூட அழுதது. பூந்தமல்லியில் வீட்டு வாசலில் ஷாமியானா போட்டு, மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்து, ரூஹ் அஃப்ஸா கலந்த பால் சுற்றிவரும்போது பார்வதம் அம்மாளின் அழைப்பு வந்தது. ரைஹானா பட்டுப்புடவையோடு சமையலறைக்குப் பின்னால் போய் நின்று, "அதை அமுக்குங்க, விடாதீங்க, அப்படியே புடிச்சிக்கோங்க, இப்ப மெதுவா வுடுங்க" என்று கிசுகிசுத்தாள். தண்ணீர் எடுக்க வந்த வருங்கால மாமியார் அதைக் கேட்டார். கேட்டவர் தண்ணீர் எடுக்காமலே உள்ளே போய் மகனைத் தனியாகக் கூப்பிட்டார். கேண்டீன் மிஷின் என்றால் என்ன என்று மாப்பிள்ளை ராஷித் தன் அம்மாவுக்கு விளக்கிச் சொல்வதற்குள் பிரியாணி ஆறிப்போயிற்று.

அடுத்த மாதம் நிக்காஹ். மேடையில் உட்கார்ந்திருக்கும்போதும், அதற்குப் பிறகு வரும் இரண்டு வாரமும், தன் கைப்பேசி அணைந்து கிடக்க வேண்டும். ரைஹானாவுக்கு வேண்டியது அவ்வளவுதான். அணைந்து கிடக்கும் கைப்பேசி ஒன்றை அவள் சில நாள் கனவில்கூடக் கண்டாள். கறுப்புக் கண்ணாடியாக, அல்லாஹ் அருளிய அமைதிபோல, தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது.

கேண்டீன் மென்பொருளைப் புதிதாக எழுத முதலாளி உத்தமன் ஒத்துக்கொண்டதே அதற்காகத்தான். எதில் எழுதுவது என்பதில்தான் வந்தது வம்பு.

"சரிக்கா, பெத்தவங்களைக் கேக்கக் கூடாது. வேற யாரைக் கேக்கணும்?" என்றான் ரோஹித்.

"எங்க மாமா ஹாஜா மொய்தீன் ராஷித் தெருவுக்குப் போனாரு. ராஷித் வீட்டுக்குப் போகல. கறிக்கடைக்குப் போனாரு, முடிவெட்ற கடைக்குப் போனாரு. அப்புறம் ராஷித்தோட கூட்டா கடை வெச்சி, சண்டை போட்டுப் பிரிஞ்ச ஆளு ஒருத்தரைத் தேடிப் புடிச்சி அவருகூட உக்காந்து டீ குடிச்சாரு. பிரிஞ்சவன்கிட்டதான் நெசம் இருக்கும்னாரு."

"பிரிஞ்சவரு இன்னா சொன்னாராம்?" தேவாவுக்குக் கதை முக்கியம்.

"கோவக்காரன், ஆனா கணக்குல சுத்தம்னாரு. மாமா அங்கயே முடிவு பண்ணிட்டாரு."

உத்தமன் தன் நாற்காலியில் சாய்ந்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். எதையும் உடனே மறுக்க மாட்டார், உடனே செய்யவும் மாட்டார். "நல்ல யோசனையாத்தான் இருக்கு. மிலோனாவை விசாரிங்க. ஒரு வாரம்."

"அப்படின்னா அக்காவோட கட்சியையும் விசாரிக்கணும் சார்" என்றான் ரோஹித். "உத்தமத்தை."

உத்தமன் லேசாகச் சிவந்தார். 'உத்தமம்' என்பது அவர் இளைஞராக இருந்தபோது தானே அடித்தளத்திலிருந்து கட்டிய சட்டகம்; அதன் மேல் எந்த மென்பொருளையும் எழுதிக்கொள்ளலாம். அதை வைத்துத்தான் கம்பெனியின் பழைய கணக்கு மென்பொருள்கள் எல்லாம் இன்றும் ஓடுகின்றன. ரைஹானா அதன் பக்கம். பெயர் வைத்தது யார் என்று யாரும் கேட்பதில்லை. அதன் உள்ளே என்ன இருக்கிறது என்பது அவருக்கே மறந்துவிட்டது.

"தாராளமா விசாரி" என்றாள் ரைஹானா. "பத்து வருஷத்துக்கு மேல ஒரு நாள் படுத்ததில்ல. மாமியார் மெச்சின மருமக."

வேலையைப் பங்கிட்டுக்கொண்டார்கள். மிலோனாவோடு சண்டை போட்டுப் பிரிந்தவர்களைக் கண்டுபிடிப்பது ரோஹித்தின் பொறுப்பு. காதலிக்கிறவனையே அனுப்பினால் பொய் சொல்ல மாட்டான் என்பது ரைஹானாவின் கணக்கு; சொன்னால் முகத்தில் தெரிந்துவிடும். மிலோனாவுக்குக் காய்ச்சல் வந்தால் எந்த வைத்தியர் வருவார் என்று பார்ப்பது தீபிகாவின் வேலை. அவள் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. கோவில்பதாகையிலிருந்து பஸ்ஸில் வருவாள். அப்பா ஆவடி தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். பூர்வீகம் தென்காசிப் பக்கம். இந்த வாரம்வரை கூட்டங்களில் அவள் தலையை மட்டுமே ஆட்டியிருக்கிறாள். உத்தமத்தைத் திறந்து பார்ப்பது தேவாவுக்கு வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜுமுஆ தொழுகை முடிந்து கூட்டம் கூடியது. ஹாஜா மொய்தீன் மாமாவுக்கே உரிய தோரணையில் ரைஹானா காலை மடக்கி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சொல்லும்மா தீபிகா, வைத்தியர் வந்தாரா?"

"வந்தாரு அக்கா. நான் மிலோனாவோட பக்கத்துல ஒரு சந்தேகம் எழுதிப் போட்டேன். பத்து நிமிஷத்துல பதில் வந்துட்டு. ரொம்ப மரியாதையா, படம்லாம் போட்டு."

ரோஹித் கையை விரித்தான், பார்த்தீர்களா என்பதுபோல.

"பதில் போட்டது யாருன்னு பாத்தேன். மிலோனாவை உருவாக்கினவரே. அப்புறம் மத்தவங்க கேள்விக்கெல்லாம் யாரு பதில் போட்டிருக்கான்னு பாத்தேன். எல்லாத்துக்கும் அவருதான். ராத்திரி, பகல், ஞாயித்துக்கெழமை, எப்பவும் அவருதான். போன வாரம் ஒருத்தருக்கு, எம்பொண்ணு பொறந்தநாள் கேக் வெட்டப்போறோம், அரை மணி நேரத்துல வந்துருதேன்னு எழுதியிருக்காரு." தீபிகா உத்தமன் பக்கம் திரும்பினாள். "அவரு அந்த ஊர் ரைஹானாக்கா, சார்."

மாடி முழுக்கச் சிரித்தது. ரைஹானாவும் சிரித்தாள். ஆனால் எங்கோ தொலைதூரத்தில், பனி பெய்யும் ஜன்னலுக்குப் பக்கத்தில், கேக்கை வெட்டாமல் ஒருவர் விசைப்பலகையில் குனிந்திருப்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பின்னால் ஒரு குழந்தை கத்தியைப் பிடித்தபடி காத்திருந்தது. முன்பின் பார்த்திராத அந்த மனிதருக்காக அவள் மனம் கொஞ்சம் வலித்தது.

"ரோஹித்?"

ரோஹித் தொண்டையைச் செருமினான். "பிரிஞ்சவங்க ஒரே ஒரு டீம்தான் கெடைச்சாங்க. பிரேசில்ல. அவங்க ஒரு ஆப் முழுசா எழுதிட்டாங்க. அதுக்குள்ள மிலோனா ரெண்டு தடவை இலக்கணத்தையே மாத்திடுச்சாம். ஒவ்வொரு தடவையும் மொதல்லேர்ந்து. இப்ப பழையதுக்கே திரும்பிட்டாங்க." நேர்மையாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டு, "ஆனா அழகுன்னா அவ்ளோ அழகுன்னு அவங்களும் எழுதியிருக்காங்க" என்று சேர்த்துக்கொண்டான்.

"மச்சான், கூட ஒரு வருஷம் குடும்பம் நடத்துனவன் எவனாவது கீறானா?" என்றான் தேவா.

"பொறந்தே ஒரு வருஷம் ஆகலியேடா."

"அதான். எல்லாம் தேனிலவுல எழுதுன கடுதாசி."

ரைஹானா வெற்றியின் வாசனையை முகர்ந்தாள். "தேவா, உன் பங்கு?"

தேவா எழுந்து நின்றான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். "உத்தமத்தைத் தொறந்தேன் யக்கா. உள்ள ஒரு ஓட்டலு கீது."

"என்னது?"

"ஒவ்வொரு பாகத்துக்கும் சாப்பாட்டு பேருதான். ரவா தோசை கீது, பூரிக்கிழங்கு கீது, போண்டான்னு ஒண்ணு ஊரெல்லாம் சுத்திக்கினு கீது. வடகறின்னு ஒண்ணு. அத்தைத் தொட்டா எல்லாம் நின்னு பூடுது. இன்னா பண்ணுதுன்னு மூணு நாளா பாக்கறேன், ஒரு எழவும் புரியல."

எல்லோரும் உத்தமனைப் பார்த்தார்கள்.

"அப்ப நான் தனியா ரூம்ல இருந்தேன்" என்றார் உத்தமன். "பசி. என்ன சாப்பிட்டேனோ அதை வெச்சிட்டேன்."

"வடகறி இன்னா பண்ணும் சார்?"

உத்தமன் கூரையைப் பார்த்தார். கூரையில் விடை இல்லை.

"நாள் முடிஞ்சதும் மிச்சம் மீதியை எல்லாம் ஒண்ணாப் போட்டு அரைச்சி அடுத்த நாளுக்குக் குடுக்கும்" என்றாள் ரைஹானா. "மிச்ச வடையிலதானே வடகறி. சரியான பேருதான்."

சொல்லும்போதே அவள் குரலில் ஒரு செல்லம் வந்து ஒட்டிக்கொண்டது. தேவா அதைக் கவனித்தான்.

"கரீட்டு. ஆனா அது உன்னைத் தவிர யாருக்கும் தெரியாதே யக்கா." அவன் உட்கார்ந்தான். உடனே மறுபடி எழுந்தான். "சார், ஒரு டவுட்டு. ரெண்டு பொண்ணையும் விசாரிச்சாச்சு. மாப்ளைய யாரு விசாரிக்கறது?"

"எந்த மாப்பிள்ளை?"

"நாமதான் சார். கட்டிக்கினு வாழப்போறது நாமதானே. நம்மள்ல யாரு ஊட்டோட இருப்பான், யாரு தாலி கட்டிட்டு துபாய்க்குப் பூடுவான், அத்தைக் கேக்க வாணாமா?"

கீழே பிரஸ் மிஷின் இறங்கியது. கிளாஸ்கள் குதித்தன. ஒவ்வொருவரும் மற்றவரின் கிளாஸைப் பார்த்தார்கள்.

"கேட்டவனே மொதல்ல சொல்லு" என்றாள் ரைஹானா.

"நானு ஆவடி ஃபேக்டரி பரீட்சைக்குப் படிச்சிக்கினு கீறேன். பாஸானா பூடுவேன். எங்க நைனாவுக்கு அதான் ஆசை." மறைக்கத் தெரியாதவன், அதனால் அவனுக்கு வெட்கமும் இல்லை.

தீபிகா, "வீட்ல என்ன சொல்லுதாங்களோ, எனக்குத் தெரியல" என்றாள்.

ரோஹித் மடிக்கணினியை மூடினான். "பெங்களூர்ல ஒரு கம்பெனி. அவங்க மிலோனா தெரிஞ்ச ஆளாத் தேடறாங்க. இங்க ஒரு வேலை அதுல முடிச்சா..." முடிக்கவில்லை. "பொய் சொல்லல சார். மிலோனா நெசமாவே நல்லாருக்கு. ஆனா இதுவும் இருக்கு."

யாருக்கும் கோபம் வரவில்லை. அந்த மாடியில் எல்லோருக்கும் எங்காவது கிளம்பிப் போகத் துடிக்கிற வயது இருந்திருக்கிறது. உத்தமன் மட்டும் பெருமூச்சு விட்டுவிட்டு, நீண்ட யோசனைக்குப் பிறகு வீட்டுக்குப் போகும் மனிதர்போல முகம் தெளிந்தார்.

"அப்ப முடிஞ்சிது. நிக்கப்போறது ரைஹானா ஒருத்திதான். அவளுக்குத் தெரிஞ்சது உத்தமம். உத்தமத்துலயே எழுதிடலாம்."

ரைஹானா ஜெயித்துவிட்டாள். மூன்று வாரச் சண்டை. ஒரே வாக்கியத்தில் கைக்கு வந்துவிட்டது. அவள் வாயைத் திறந்து நன்றி சொல்லப்போனாள். அப்போது கைப்பேசி அடித்தது.

பார்வதம் அம்மாள். இரண்டாவது பந்தி நேரம்.

ரைஹானா எடுக்கப் போனவள், ஏதோ தோன்றி, கைப்பேசியைத் தீபிகாவிடம் நீட்டினாள். "நீ பேசு."

தீபிகா நெருப்பை வாங்குவதுபோல வாங்கினாள். ஸ்பீக்கரில் தட்டுகள் மோதும் ஓசையும் பெரிய கூட்டத்தின் முணுமுணுப்பும் வந்தன.

"எம்மா ரைஹானா, மிஷினு மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு கீது. வெரலை வெச்சா டோக்கன் வரல. சாம்பாரு ஆறுது, ஆளுங்க சூடாவறாங்க."

"நான் தீபிகா பேசுதேன்மா. ஒரு நிமிஷம்..."

அந்த ஒரு நிமிஷம் நீண்டது. தீபிகா திரையில் கார்த்திகேசன் எழுதியதைத் தேடினாள், தேவா அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான், ரோஹித் தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து, "இது எந்த ஜென்மத்துல எழுதினது?" என்று முணுமுணுத்து, இரண்டு இடத்தில் மாற்றிப் பார்த்து, முன்னைவிட மோசமாக்கினான். மறுமுனையில் யாரோ தட்டைத் தட்டித் தாளம் போட ஆரம்பித்தார்கள். ரைஹானா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். விரல்கள் அரித்தன.

கடைசியில் தாங்கவில்லை. கைப்பேசியைப் பிடுங்கினாள். "பார்வதம்மா, பின்பக்க ஸ்விட்ச்சை அணைச்சி, விரல் வைக்கிற கண்ணாடியைத் துணியால மூடிக்கினு திரும்பப் போடுங்க. லைட்டு பச்சையானப்புறம்தான் துணிய எடுக்கணும்."

மறுமுனையில் டோக்கன் கத்திரிபடும் சத்தம் கேட்டது. கூட்டம் கைதட்டியது.

"நீ கீறதால பொழைச்சோம் கண்ணு" என்றார் பார்வதம் அம்மாள். "நீ கண்ணாலம் கட்டிக்கினு பூட்டா எங்க சோத்துக்கு இன்னா கெதி? மாப்ளகிட்ட சொல்லி வையி, பந்தி நேரத்துல மட்டும் உன்னை எங்களுக்கு வுட்றச் சொல்லு."

மாடியில் மறுபடி சிரிப்பு. ரைஹானா சிரிக்கவில்லை. பார்வதம் அம்மாள் சொன்னதைக் கேட்டபோது தனக்குள் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது: இனித்தது. நன்றாக இனித்தது. தான் இல்லாவிட்டால் நடக்காது என்ற அந்தச் சொல்லை இத்தனை வருடமும் மிட்டாய்போல வாயில் ஒதுக்கி வைத்திருக்கிறாள். வடகறி யாருக்கும் புரியவில்லை என்றபோது வந்த செல்லமும் அதே மிட்டாய்தான்.

"உத்தமம் வேணாம் சார்" என்றாள்.

உத்தமன் திடுக்கிட்டார். "நீதானேம்மா மூணு வாரமா..."

"ஆமாம். தப்பு. உத்தமத்துக்கு ஒரே வைத்தியர், அது நான். மிலோனாவுக்கு ஒரே வைத்தியர், அது அந்த ஊர்க்காரர். அவரு கேக் வெட்டப் போயிடலாம், நான் நிக்காஹ் மேடையில உக்காந்துடலாம். ரெண்டும் ஒரே கதைதான். நிக்கப்போறது நான் ஒருத்தின்னு எழுதறதைவிட, யாரு போனாலும் நிக்கிறாப்ல எழுதணும். தீபிகா, காலேஜ்ல ரெண்டாவது வருஷம் என்ன படிச்ச?"

தீபிகா சொன்னாள். எல்லாக் கல்லூரியிலும் சொல்லிக்கொடுக்கிற, தெருவுக்குத் தெரு பயிற்சி நிலையத்தில் போர்டு தொங்குகிற, நரிக்குட்டியும் மலையும் இல்லாத சாதாரண மொழி.

"தேவா, உனக்கு?"

"தெரியும் யக்கா. அத்தைக் கூடவா தெரியாது?"

"அதுல எழுதலாம் சார். நாளைக்கு இவங்க மூணு பேரும் போனாலும், வாசல்ல போர்டு வெச்சா சாயங்காலத்துக்குள்ள நாலு பேரு வருவாங்க."

உத்தமன் யோசித்தார். உத்தமத்தைக் கைவிடுவதில் அவருக்கு வலித்தது. ஆனால் வடகறியை நினைத்துப் பார்த்தபோது கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்திருக்க வேண்டும்; தலையை ஆட்டிவிட்டார். "ஆனா ஒரு மாசத்துக்குள்ள முடிக்கற வேகம் ரோஹித்துக்குத்தான் இருக்கு."

"நானா?" ரோஹித்தின் முகம் சுருங்கியது. "அதுலயா? அதுல பண்றதுக்கு என்ன சார் இருக்கு. ஸ்கூல் பையன் வேலை."

உத்தமன் சாப்பிடக் கிளம்பினார். தேவாவும் தீபிகாவும் அவர் பின்னாலேயே இறங்கினார்கள். மாடிப்படியில் தேவா "வடகறி, வடகறி" என்று பாடிக்கொண்டு போவது கேட்டது.

ரோஹித் மடிக்கணினியைத் திறந்தான். நரிக்குட்டி அதே பனியில் சுருண்டு கிடந்தது. ரைஹானா தன் நாற்காலியை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவளும் நரிக்குட்டியைப் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது.

"நீ பெங்களூர் போ. நல்லா போ. அதுல எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள். "உன்னை மாதிரி எழுத இங்க ஆள் கெடையாது. நீ ஒரு வரியில முடிக்கறதை நான் ஒரு பக்கம் எழுதுவேன். அந்த ஒரு வரியை உன்னைத் தவிர யாராலயும் தொட முடியாது, அதுவும் எனக்குத் தெரியும்."

அவன் திரும்பவில்லை. ஆனால் விரல்கள் நின்றிருந்தன.

"உன் கெட்டிக்காரத்தனம் ஒண்ணுகூட வெளிய தெரியாம இதை எழுதணும் ரோஹித். படிச்சா தீபிகா, ப்பூ, இவ்ளோதானான்னு சொல்லணும். யாரு எழுதினதுன்னு கேக்கக்கூட யாருக்கும் தோணக் கூடாது. அப்படி எழுதித் தர்றியா?"